கைரேகையும் கைப்பிடித்த உறவும்

வசிட்ட நதிக்கரையிலுள்ள நமது ஆத்தூரிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும், கடல் கடந்து வாழும் பிள்ளைகளையுடைய குடும்பங்கள் இன்று பல. ஒரு வீட்டில் மகள் இங்கிலாந்தில் தாதியாகப் பணிபுரிகிறாள். மற்றொரு வீட்டில் மகன் அமெரிக்காவில் பொறியாளனாக இருக்கிறான். வேறொரு வீட்டில் மருமகன் வளைகுடா நாட்டில் உழைக்கிறான். திருமணம் நம் ஆலயத்தில் நடைபெறுகிறது. சில மாதங்களில் மணமகள் கணவனைத் தேடியோ, மணமகன் மனைவியைத் தேடியோ விமானம் ஏறுகின்றனர். அங்கே வாழ்வதற்கு அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதி ஓரிரு ஆண்டுகளில் முடிவடையும். அதனை நீட்டிக்க மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். அப்பொழுது பல நாடுகளில் ஓர் அழைப்பு வருகிறது: “இன்ன நாளில், இன்ன அலுவலகத்திற்கு வந்து, பத்து விரல்களின் ரேகையையும் முகப் படத்தையும் கொடுத்துச் செல்க.”

இச்செய்தி ஊரிலுள்ள பெற்றோரின் செவிக்கு எட்டியதும் உள்ளத்தில் ஒரு கலக்கம் எழுவது இயல்பே. கைநாட்டு என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவர் வைப்பது. பத்து விரலையும் பதிப்பது என்றால் காவல் நிலையத்தில் நடப்பது. இதுவே நம் முதியோரின் எண்ணம். “முறையாகத் தாலி கட்டி, கோவில் ஏட்டில் கையெழுத்திட்டுச் சென்ற பெண்ணைக் குற்றவாளி போல் நடத்துவதா?” என்று அவர்கள் வினவுகின்றனர். இவ்வினா சிறுபிள்ளைத்தனமானதன்று. இதே வினாவை எழுப்பி நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் சிறை சென்ற வரலாறு உண்டு. ஆதலின் கைரேகை எவ்வாறு தோன்றியது, எப்பொழுது அது இழிவாயிற்று, எப்பொழுது உரிமைக்குச் சான்றாயிற்று, இன்று நம் குடும்பங்கள் அதனை எவ்வாறு எதிர்கொள்வது நன்று என்பவற்றை ஒருங்கே சிந்திப்போம்.

ரேகை பிறந்த இடம்

கைரேகையை அடையாளமாகக் கொள்ளும் முறை மேலை நாட்டிலிருந்து நமக்கு வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது இந்திய மண்ணில் வளர்ந்து உலகெங்கும் சென்றதாகும். 1858-ஆம் ஆண்டு வங்காளத்தில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ஓர் ஒப்பந்தக்காரர் பின்னர் தம் வாக்கை மறுத்துவிடாதபடி, ஒப்பந்தப் பத்திரத்தில் அவரது உள்ளங்கையை மையில் தோய்த்துப் பதிக்கச் செய்தார். அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, 1897-இல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் அமையும் அளவுக்கு முன்னேறியது. எட்வர்ட் ஹென்றி என்ற காவல்துறைத் தலைவரின் பெயரால் இம்முறை புகழ் பெற்றது. எனினும் ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கினை உருவாக்க உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்களே.

இம்முறையின் அடிப்படை எளிது. தாயின் கருவறையில் உருப்பெறும் ரேகை, வாழ்நாள் முழுவதும் தன் அமைப்பில் மாறுவதில்லை. ஒருவரது ரேகை மற்றொருவருக்கு இராது. இரட்டைப் பிள்ளைகளுக்குங்கூட அது வேறுபடும். ஆகவே “இவர் யார்?” என்ற வினாவுக்கு ரேகை விடையளிக்கும். ஆயின், “இவர் யாருடைய மனைவி? இவர் யாருடைய கணவர்?” என்னும் வினாக்களுக்கு அது விடையளிக்காது. இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் நாம் கூறவிருப்பவை அனைத்தும் இதனையே சார்ந்துள்ளன.

டிரான்ஸ்வாலில் எழுந்த போராட்டம்

வங்காளத்தில் இம்முறையை வளர்த்த அதே ஹென்றி, 1900-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்களின் காவல்துறையை அமைத்தார். அங்கு அக்காலத்தில் இந்தியர் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ‘டுரூரோ’ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல், ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற தமிழர் பல்லாயிரவர். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்தவர்களும், அவர்கள் பிள்ளைகளும், பின்னர் வந்த வணிகர்களும் டிரான்ஸ்வால் பகுதியில் குடியேறினர்.

1906-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் டிரான்ஸ்வால் அரசாங்கம் ஒரு சட்ட முன்வரைவை வெளியிட்டது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் இந்தியரும், ஆணாயினும் பெண்ணாயினும், பத்து விரல் ரேகையும் உடலிலுள்ள அடையாளங்களும் கொடுத்துப் புதிதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். காவலர் கேட்கும்போதெல்லாம் அச்சீட்டைக் காட்ட வேண்டும். தவறினால் அபராதம், சிறை, நாடு கடத்தல் என அது விதித்தது. அங்கு வழக்கறிஞராக இருந்த காந்தியடிகள், ஹென்றி எழுதிய நூலை வரவழைத்துப் படித்தார். பத்து விரல் ரேகை சட்டப்படி குற்றவாளிகளிடம் மட்டுமே எடுக்கப்படுவது என்று அதிலிருந்து அவர் அறிந்துகொண்டார். 1906 செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் நாடகக் கொட்டகையில் கூடிய ஏறத்தாழ மூவாயிரம் இந்தியர், இச்சட்டத்திற்குப் பணிவதில்லை என்று இறைவன் பெயரால் உறுதி பூண்டனர். சத்தியாக்கிரகம் பிறந்தது அந்நாளில்தான்.

இந்தியர்கள் ரேகை கொடுக்கவே மறுத்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. அதற்கு முன்னரே, ஆங்கிலேய ஆளுநர் மில்னர் பிரபு கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, அவர்களில் பலர் தாமே முன்வந்து பெருவிரல் ரேகையுடன் பதிவு செய்திருந்தனர். 1906-இல் அவர்களைப் புண்படுத்தியது விரலில் படும் மையன்று. ஓர் இனத்தாரை மட்டும் பிரித்தெடுத்து, அவர்கள் அனைவரும் ஏமாற்றுக்காரர்கள் என்ற எண்ணத்தோடு, கட்டாயத்தால் அதனைப் பெற முயன்றதே அவர்கள் நெஞ்சைச் சுட்டது.

1908 ஜனவரியில் காந்தியடிகளும் ஜெனரல் ஸ்மட்ஸும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். மக்கள் தாமாகப் பதிவு செய்துகொண்டால், கட்டாயச் சட்டம் நீக்கப்படும் என்பதே இந்தியர் அதனைப் புரிந்துகொண்ட விதம். பிப்ரவரி 10-ஆம் நாள் பதிவு அலுவலகத்திற்கு நடந்து சென்ற காந்தியடிகளைச் சிலர் வழியில் மறித்து அடித்து வீழ்த்தினர். உடன் சென்ற தமிழர் தலைவர் தம்பி நாயுடுவும் அடிபட்டார். ஜோசப் டோக் என்னும் கிறிஸ்தவப் போதகரின் இல்லத்தில் படுக்கையில் கிடந்தபடியே, அதிகாரியை வரவழைத்துத் தம் பத்து விரல் ரேகையையும் காந்தியடிகள் கொடுத்தார். கட்டாயத்தில் இழிவாக இருந்த செயலே, மனமுவந்து செய்யும்போது பெருந்தன்மையாகிறது என்று அவர் மக்களுக்கு விளக்கினார். ஆயினும் சட்டம் நீக்கப்படவில்லை. ஆகவே ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் தீயிலிடப்பட்டன.

போராட்டம் நீண்டது. சிறை சென்றவர்களில் தமிழரே முன்னணியில் நின்றனர். சுவாமி நாகப்பன் என்ற இளைஞர் 1909-இல் சிறையிலிருந்து வெளிவந்த சில நாட்களில் உயிர் நீத்தார். ஒப்பந்தக் கூலியாக வந்த பெற்றோருக்கு நேட்டாலில் பிறந்து, இங்கிலாந்தில் கல்வி கற்றுப் பாரிஸ்டர் பட்டம் பெற்ற ஜோசப் ராயப்பன் என்னும் கிறிஸ்தவர், கூடை சுமந்து தெருவில் பழம் விற்கும் தொழிலை மேற்கொண்டு சிறை புகுந்தார்.

மனைவியை மனைவி அன்று என்ற தீர்ப்பு

இதுவரை கூறியது ரேகையின் கதை. இனி மண உறவின் கதைக்கு வருவோம். ஏனெனில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

1913 மார்ச்சு 14-ஆம் நாள், கேப் மாநில நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். இந்தியாவிலிருந்து கணவனிடம் வந்த பாய் மரியம் என்னும் இஸ்லாமியப் பெண் கரையிறங்க அனுமதி மறுக்கப்பட்ட வழக்கு அது. ஒருவன் பல மனைவியரை மணக்க இடந்தரும் சமயத்தின் முறைப்படி நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின் முன் செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். இதன் விளைவு யாது? கிறிஸ்தவ முறைப்படி நடந்து, முறையாகப் பதிவான திருமணங்கள் தவிர, இந்து, இஸ்லாமிய, பார்சித் திருமணங்கள் அனைத்தும் ஐயத்துக்குள்ளாயின. நேற்றுவரை மனைவியாக இருந்தவள் இன்று மனைவியல்லள். பிள்ளைகள் வாரிசுகள் அல்லர்.

கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தீர்ப்பு அவர்களைத் தொடவில்லை. அவர்களது மண ஏடு அவர்களைக் காத்தது. எனினும் அயலாரின் மனைவியை ‘மனைவி அன்று’ எனக் கூறும் சட்டத்தை, ‘நமக்கு ஊறில்லை’ என்று வாளாவிருந்து ஏற்பது அறமாகுமா? தன் இல்லறத்தின் தூய்மையைப் போற்றுகிறவன் பிறர் இல்லறத்தையும் போற்றக் கடமைப்பட்டவன்.

அதுவரை பெண்களைப் போராட்டத்தில் சேர்க்கத் தயங்கிய காந்தியடிகள், இத்தீர்ப்புக்குப் பின் அவர்களை அழைத்தார். டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த பதினொரு பெண்கள் புறப்பட்டனர். ஒருவர் தவிர ஏனையோர் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் கைக்குழந்தைகளோடு சென்றனர். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று அவர்கள் பேசிய பேச்சு, தொழிலாளர்களை வேலை நிறுத்தத்தில் இறக்கியது. 1913 அக்டோபரில் அவர்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பின்னர் சிறை சென்றவர்களுள் ஒருத்தி, ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை; தாயின் ஊர் தஞ்சைத் தரணியின் தில்லையாடி. சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் பதினாறாம் வயதில் அவள் மறைந்தாள்.

அவ்வாண்டு ஜூலையில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் தலைவரியை அது ஒழித்தது. ஒருவனுக்கு ஒரு மனைவி என்ற அளவில் இந்தியரின் சமயத் திருமணங்களை ஏற்றது. அத்துடன், உரியவரின் பெருவிரல் ரேகை பதிந்த குடியிருப்புச் சான்றிதழ், அவர் இன்னார் என உறுதியானவுடன், நாட்டினுள் நுழையும் உரிமைக்கு முடிவான ஆதாரம் என்றும் அச்சட்டம் கூறியது.

எட்டாண்டுகளுக்கு முன் இழிவின் சின்னமாக வந்த அதே ரேகை, இப்பொழுது உரிமையின் முத்திரையாயிற்று! விரல் மாறவில்லை, அதைக் கேட்ட முறையும், அதற்கு ஈடாகக் கிடைத்த உரிமையும் மாறின. அதே சட்டத்தில் மனைவிக்கும் அவளது பெயர் திரும்பக் கிடைத்தது.

ஜப்பானில் ஒரு மனைவி

இத்தகைய வினா நம் மக்களுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் வாழ்ந்த அயல்நாட்டார், அங்கேயே பிறந்து வளர்ந்த கொரிய மக்கள் உட்பட, பல ஆண்டுகள் கைரேகை கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது. 1980-இல் ஹான் ஜோங் சொக் என்னும் கொரியர் அதனை மறுத்தார். 1982-இல் ஜப்பானியரை மணந்து அங்கு வாழ்ந்த அமெரிக்கப் பெண்மணி கேத்லீன் மோரிகாவாவும் மறுத்தார். அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. வெளிநாடு சென்று திரும்புவதற்கான அனுமதியும் மறுக்கப்பட்டது. நீதிமன்றத்திலும் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. ஆனால் மறுப்பு இயக்கமாக வளர்ந்தது. 1993-இல் நிரந்தரமாக வாழ்வோருக்கும், 2000-இல் அங்குக் குடியிருந்த ஏனையோருக்கும் அம்முறை நீக்கப்பட்டது. 2007 நவம்பரில், நாட்டினுள் நுழையும் அயல்நாட்டாரில் பெரும்பாலாரிடம் ரேகை எடுக்கும் முறை மீண்டும் வந்தது. அடையாளத்தைக் காக்கும் அரசின் கடமையும், மனிதனின் மதிப்பும் ஒன்றையொன்று எவ்வாறு இடையறாது உரசிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு இஃதொரு சான்று.

இன்றைய நிலை

இன்று பத்து விரல் கேட்கப்படுவது தமிழரிடம் மட்டுமன்று. ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளின் விசாவுக்கு விண்ணப்பிப்பவர், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் போன்ற சிலர் நீங்கலாக, ரேகை கொடுக்கின்றனர். கனடா நாடு 14 முதல் 79 வயது வரையுள்ள விண்ணப்பதாரரிடம் அதனைப் பெறுகிறது. ஒருமுறை கொடுத்தது பொதுவாகப் பத்தாண்டுகள் செல்லும். நம் நாட்டிலும் ஆதார் அட்டைக்கும், நியாயவிலைக் கடையில் அரிசி பெறவும் விரலைப் பதிக்கிறோம். வேற்று நாட்டவரிடம் ரேகை பெற 2025 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள நமது குடியேற்றச் சட்டமும் வழிசெய்கிறது. இந்தியரை மணந்த அயல்நாட்டவர் ‘கடல்கடந்த இந்தியக் குடியினர்’ அட்டை பெற வேண்டுமாயின், பதிவான திருமணம் இரண்டாண்டுகள் இடைவிடாது நிலைத்திருக்க வேண்டும் என நாமும் நிபந்தனை வைத்துள்ளோம். பிறரிடம் நாம் கேட்பதைப் பிறர் நம்மிடம் கேட்கும்போது வெகுளுதல் முறையன்று.

எனினும் எல்லா நாட்டிலும் ஒரே விதி இல்லை. இங்கிலாந்தில் குடிமகனையோ, அங்கு நிலையாகக் குடியேறியவரையோ மணந்து, வெளிநாட்டிலிருந்து செல்பவருக்கு முதலில் இரண்டே முக்கால் ஆண்டு அனுமதி கிடைக்கும். அது முடியுமுன் விண்ணப்பித்தால் மேலும் இரண்டரை ஆண்டு நீட்டிக்கப்படும். அதற்கு ரேகையும் படமும் தேவை. முன்னர் கொடுத்த ரேகையையே மீண்டும் பயன்படுத்திக்கொள்வதும் உண்டு. அங்கு வழங்கப்பட்டு வந்த குடியிருப்பு அட்டைகள் 2024-ஆம் ஆண்டின் இறுதியோடு காலாவதியாகி, மின்வழிப் பதிவே அவற்றின் இடத்தைப் பெற்றுவிட்டது.

அமெரிக்காவில் பணிபுரிவோரின் துணைவர், அங்கிருந்தபடியே தம் காலத்தை நீட்டிக்க விண்ணப்பிக்கும்போது ரேகை கொடுக்க வேண்டும் என்ற விதி 2019 மார்ச்சில் வந்தது. சிறு பிள்ளைகளும் ரேகை மையத்துக்குச் செல்ல நேர்ந்ததால் தாமதம் பெருகியது. மனைவியரில் பலர் தம் வேலை அனுமதி காலாவதியாகி வேலையிழந்தனர். 2021 மே மாதத்தில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அவ்விண்ணப்பத்துக்குரிய ரேகைக் கட்டணமும் நீக்கப்பட்டது. ஒரே நாட்டில் நான்கரை ஆண்டுகளுக்குள் இத்தனை மாற்றம்! ஆதலின், “என் அண்ணன் மனைவிக்கு அப்படித்தான் செய்தோம்” என்ற வாய்மொழியை நம்பாமல், அந்தந்த அரசாங்கத்தின் அன்றைய அறிவிப்பையே பார்ப்பது அறிவுடைமை. குறிப்பாக, கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட விசாவின் கடைசி நாளும், அந்நாட்டில் தங்குவதற்குக் கொடுக்கப்பட்ட கடைசி நாளும் வெவ்வேறாக இருக்கலாம். பிந்தியதே நீட்டிப்புக்குரிய கணக்கு. அந்நாள் கடந்தபின் வருந்திப் பயனில்லை.

கையும் முகமும்

மரவள்ளிக்கிழங்கு உரிப்பவரும், சேகோ ஆலையில் நாள் முழுதும் நீரில் கை நனைப்பவரும், சுண்ணாம்பும் சிமெண்டும் கையாள்பவரும் நிறைந்த பகுதி நம்முடையது. உழைத்த விரலில் ரேகை தேய்வது நியாயவிலைக் கடையில் நாம் அன்றாடம் காண்பதே. விசா மையத்தில் கருவி ரேகையைக் கொள்ளவில்லையெனில் அஞ்ச வேண்டியதில்லை. தேய்வு தோலின் மேற்பரப்பில்தான். சில வாரங்கள் ஓய்வு கொடுத்து, எண்ணெய் தடவிப் பேணினால் ரேகை மீண்டும் தெளியும். வெட்டுக் காயம் இருப்பின் அது ஆறும் காலத்தைக் கருதி நாள் குறித்துக்கொள்வது நன்று. புது மணப்பெண்கள் விரல் நுனியில் மருதாணி இட்டுக்கொண்டு செல்லலாகாது. அதனால் திருப்பி அனுப்பப்படுவோரும் உண்டு. முதுமையாலோ ஊனத்தாலோ ரேகை கொடுக்க இயலாதவர், அதனை முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்து, மருத்துவச் சான்றையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊர்ப் படநிலையங்களில் அன்பின் மிகுதியால் முகத்தை வெளுப்பாக்கி, தழும்பை நீக்கி, பின்னணியை அழகுபடுத்திக் கொடுப்பர். திருமண அழைப்பிதழுக்கு அது பொருந்தும், விசாவுக்குப் பொருந்தாது. இறைவன் தந்த நிறமும் மச்சமும் அப்படியே இருப்பதுதான் அங்கு அழகு. அளவும் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவுக்கு இரண்டங்குலச் சதுரம், கண்ணாடி அணிதல் கூடாது. இங்கிலாந்துக்கு அச்சிட்ட படம் கேட்கப்பட்டால் 35-க்கு 45 மில்லிமீட்டர்.

ரேகை கூறாததை ஏடு கூறும்

இவற்றையெல்லாம்விடப் பெரியது ஒன்றுண்டு. ரேகை ஆளை அறிவிக்கும். உறவை அறிவிக்காது என்று முன்னரே கூறினோம். உறவை மெய்ப்பிக்கும் பொறுப்பு நம் ஏடுகளிடமும் நம் வாழ்விடமும் உள்ளது.

1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, குருவானவர் தாம் நடத்தி வைத்த திருமணங்களின் பதிவு நகல்களை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அரசாங்கத்திற்கு அனுப்புகிறார். 2009 நவம்பர் முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டமோ, எச்சமயத்தாரின் திருமணத்தையும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டுமெனக் கூறுகிறது. அயல்நாட்டுக்குச் செல்லும் தம்பதியர் கோவில் சான்றோடு நின்றுவிடாமல், இதனையும் பெற்றுக்கொள்ள வேண்டும். அப்போஸ்தீல் எனப்படும் பன்னாட்டு முத்திரையை நம் நாடு 2005 முதல் வழங்குகிறது. அவ்வுடன்படிக்கையில் சேராத நாடுகளுக்குத் தூதரகச் சான்று வேண்டும்.

பங்கு அலுவலகங்களில் நாம் அடிக்கடி காணும் சிக்கல் பெயரைப் பற்றியது. ஞானஸ்நான ஏட்டில் ஆரோக்கிய மேரி. பள்ளிச் சான்றில் வேறொரு பெயர். கடவுச்சீட்டில் தந்தையின் தலையெழுத்து விரிந்து ஒரு குடும்பப் பெயராகிவிட்டது. திருமணத்துக்குப் பின் கணவன் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரே பெண், நான்கு பெயர்! அயல்நாட்டு அலுவலர் இவள் ஒருத்தியா நால்வரா எனத் திகைக்கிறார். விரல் ரேகை நால்வரும் ஒருவரே என்று சொல்லலாம். ஆனால் சான்றிதழில் உள்ள பெயரை அது திருத்தாது. ஆகவே திருமண ஓலைக்கு எழுதிக் கொடுக்கும்போதே கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்குமாறு பெற்றோரை வேண்டுகிறோம். ஏட்டில் பதிந்த பின்னர் திருத்தக் கேட்பது எளிதன்று. வேண்டியவருக்காக ஏட்டை மாற்றும் உரிமை எந்தக் குருவுக்கும் இல்லை.

வாழ்வின் சான்று என்றோமே, அஃதென்ன? ஒரே முகவரிக்கு இருவர் பெயரிலும் வந்த கடிதங்கள், இருவர் பெயரிலுமுள்ள வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, உற்றாரோடு எடுத்த சில படங்கள் ஆகியனவே. ஐந்நூறு படங்கள் கொண்ட திருமண ஆல்பத்தைவிட, மூன்று ஆண்டுகள் ஒருங்கே வாழ்ந்ததைக் காட்டும் மின்கட்டணச் சீட்டுகள் மிகுந்த மதிப்புடையவை. விசாவுக்காகவே பொய்த் திருமணம் பேசும் தரகர்களும் இக்காலத்தில் உளர். அத்தகைய ஒன்றுக்கு உடன்படுவது சட்டக் குற்றம் மட்டுமன்று. மெய்யான தம்பதியர் ஒவ்வொருவர் மீதும் ஐயத்தின் நிழலை விழச்செய்யும் அநீதியுமாகும்.

மருமகளின் தாள் மருமகளிடம் இருக்கட்டும்

இறுதியாக, குடும்பத்துக்குள்ளேயே எழும் ஓர் ஆபத்தைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. துணைவர் விசாவில் செல்பவரின் அனுமதி, பெரும்பாலும் கணவனின் அல்லது மனைவியின் அனுமதியைச் சார்ந்தே நிற்கும். இதனை ஆயுதமாகக் கொள்வோர் உண்டு. “நான் கையெழுத்திடாவிட்டால் நீ இந்நாட்டில் இருக்க முடியாது” என்று அச்சுறுத்துவோரும், மனைவியின் கடவுச்சீட்டைப் பூட்டி வைப்போரும், நீட்டிப்பு நாளை அவளுக்கு அறிவியாமலே கழியவிடுவோரும் நம்மிடையே அறவே இல்லை என்று யார் கூறவல்லார்? ரேகை அவளுடையது; முகம் அவளுடையது; விண்ணப்பமும் அவளுடையதே. ஆகவே அதன் நகல், எண், கடைசி நாள் ஆகியவற்றை அவளே அறிந்து, அவளே வைத்திருக்க வேண்டும். குடும்ப வன்முறையால் மணவாழ்வு முறிந்த துணைவர், கணவனின் ஆதரவின்றித் தனியே விண்ணப்பிக்க இங்கிலாந்துச் சட்டத்தில் வழியுண்டு. மகளை அனுப்பும் பெற்றோர் நகையைக் கணக்கிடுவதோடு, இவற்றையும் அவளுக்குக் கற்பித்து அனுப்புவார்களாக.

திருத்தந்தையின் ஆட்சிப்பீடம் 1983 அக்டோபர் 22-ஆம் நாள் வெளியிட்ட குடும்ப உரிமைப் பட்டயம், புலம்பெயர்ந்து உழைப்போர் தம் குடும்பத்தோடு விரைவில் ஒன்றுசேர உரிமையுடையவர்கள் என்று தெளிவாகக் கூறுகிறது. அரசுகள் அடையாளம் கேட்கட்டும். ஆனால் வரிசையில் நிற்கும் தம்பதியரை மாதக்கணக்கில் காக்க வைத்துப் பிரிப்பது முறையன்று என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

அகுஸ்து பேரரசனின் கட்டளைப்படி பெயரைப் பதிவு செய்ய, நிறைசூலியான மரியன்னையை அழைத்துக்கொண்டு சூசையப்பர் பெத்லகேமுக்கு நடந்தார். அப்பயணத்தில் அவர் அவளைத் தனியே விட்டுவிடவில்லை. நம் பிள்ளைகளும் அவ்வாறே செய்வார்களாக. ரேகை கொடுக்கும் நாளில் அலுவலக வாயில் வரையிலாவது துணைவர் உடன் செல்லட்டும்; ஊரிலுள்ள பெற்றோர் ஒரு செபமாலை சொல்லட்டும். இவ்வாண்டு யாருடைய அனுமதி எந்நாளில் முடிவடைகிறது என்பதை, இன்று மாலையே தொலைபேசியில் கேட்டு, வீட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.